வாங்கி வந்த ட்ரோன்

முதல் ட்ரோனை வாங்குவதா, சொந்தமாகக் கட்டுவதா என்று என்னிடம் யார் கேட்டாலும் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் என் அபிப்பிராயம் அதுதான். காலையில் உங்கள் அதிகாரி ஒருவர், மகளுக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று ஸ்டேஷன் வாசலில் வைத்துக் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். கடையில் வாங்கியது விழுந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். கட்டியது விழுந்தால் எந்த ஒயர் விட்டிருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். முதல் ட்ரோன் எப்படியும் விழும்.

நீங்கள் கேட்பது மாப்பிள்ளை விழுந்ததைப் பற்றி. தெரிகிறது ஐயா. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் நடுவிலிருந்து சொன்னால் நான் ஏதோ கெட்டவன் போலத் தோன்றிவிடும். அதனால் ஆற அமரக் கேளுங்கள்.

நான் புதுக் கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிறவன். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடையில் வேலை. என் தங்கைக்கு அவரைப் பார்த்துப் பேசி முடித்தவனே நான்தான். அவர்கள் மாடியில், நான் கீழே. எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. வாய் மாப்பிள்ளை என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் அவரைச் சிநேகிதர் என்றுதான் வைத்திருந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு ஆள் கிடையாது. வேலை முடிந்து வந்தால் அவர் நேரே மாடிப்படி ஏறமாட்டார், செருப்பை என் வாசலில்தான் கழற்றுவார். "உங்களுக்கு வீடு கீழயா மேலயா?" என்று தங்கை மேலேயிருந்து குரல் கொடுப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

ட்ரோன் ஆசை அவருடையது. எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்கிடலாம் மச்சான். டப்பாவப் பிரிச்சமா, பறந்துச்சான்னு இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்," என்றார்.

"வாங்குனா ஒரு வாரத்துல சலிச்சுரும் மாப்ள. கட்டிப் பாருங்க, அப்பறம் விடமாட்டீங்க," என்றேன்.

அவர் அரைமனதாகத்தான் தலையாட்டினார். ஆனால் ஆட்டினார். சேர்ந்து கட்டுவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. என்னைப் பொறுத்தவரை சொன்னால் சொன்னதுதான்.

அந்த ரகத்தை எஃப்பிவி என்பார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதன் மூக்கில் ஒரு கேமரா. ஓட்டுகிறவர் இரண்டு கண்ணையும் அடைத்து மூடும் காகிள்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்வார். கேமரா பார்ப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ட்ரோன் தலைகுப்புறக் கவிழ்ந்தால் தானே கவிழ்வது போல இருக்கும். புதிதாக மாட்டியவர்கள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனவே பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும்.

காகிள்ஸையும் ரிமோட்டையும் முதலிலேயே வாங்கிவிட்டோம். ட்ரோன் இல்லாமலே அவற்றைக் கம்ப்யூட்டரில் இணைத்து ஓட்டிப் பழகலாம். அப்போது நான் ஒரு வழக்கம் வைத்தேன். மாட்டியவர் தோளில் மற்றவர் கை இருக்க வேண்டும். கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் கேள்வி கேட்காமல் நகர வேண்டும். கையை எடுப்பதானால் 'எடுக்கறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. நானே யோசித்தது. மாப்பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

பிறகு கட்ட ஆரம்பித்தோம். என் முன்னறையில் மேசையைப் போட்டு, விளக்கை இழுத்துக் கட்டி, நான் ஈயம் பற்ற வைக்க, அவர் ஒயரைப் பிடித்துக்கொள்வார். முதன்முதலாக பேட்டரி கொடுக்கும்போது நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோர்ப்பேன். எங்காவது ஒயர்கள் தப்பாக ஒட்டியிருந்தால் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும், போர்டு கருகாமல் பிழைக்கும். எங்களுடையதில் பல்பு எரியவில்லை. மாப்பிள்ளை மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அன்றைக்கே அதைப் பறக்க விட்டிருக்கலாம் என்று என் தங்கை உங்களிடம் சொல்லியிருப்பாள். விட்டிருக்கலாம்தான். ஒரு மோட்டாரில் ஈயம் வைத்தது எனக்குத் திருப்தியாக இல்லை. அவர் மாடிக்குப் போனபிறகு அதைக் கழற்றிவிட்டேன். மறுநாள் இருவரும் உட்கார்ந்து திரும்ப வைத்தோம். அப்புறம் இன்னொரு மோட்டார். அப்புறம் கேமரா. மாதக்கணக்கில் அப்படி ஓடியது. அவருக்குத் தெரியாமல் கழற்றினேன் என்பது நிஜம். அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. பறந்துவிட்டால் அப்புறம் அவர் எதற்காகக் கீழே வருவார், சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் அவருக்குக் கடையில் வேலை அதிகமானது. சரக்கு வந்திருக்கிறது, தாமதமாகும் என்று தகவல் வரும். நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒருநாள் தலைக்கு மேலே ஒரு சத்தம். கொசு காதருகில் வந்தால் கேட்குமே, அது மாதிரி, ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி. மிக்சியா என்று ஒரு கணம் நினைத்தேன். மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா. நாலு மோட்டார்.

படியேறிப் போனேன். கதவு சாத்தவில்லை. நடுவீட்டில் தங்கை வேறொரு புதுக் காகிள்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். விசிறிகளைச் சுற்றி வளையம் போட்ட, கடையில் வாங்கிய குட்டி ட்ரோன் ஒன்று நாற்காலிக் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போகிறது. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கடையில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை அவள் பின்னால் நிற்கிறார். அவர் கை அவள் தோளில் இருந்தது.

"எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்து, சோபாவுக்கு அடியில் சிக்கிய ட்ரோனை எடுத்துக் கொடுத்தார். மறுபடி தோளில் கை வைத்தார்.

வாங்கியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் ஐயா. அந்தக் கை என்னுடைய யோசனை. அதையும் எடுத்துக்கொண்டு போய் மாடியில் வைத்துவிட்டார்கள். நான் வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு எந்த மோட்டார் மச்சான்?" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சலனம் இல்லை. அவருக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஈயத்தைச் சூடாக்கிக்கொண்டே, "பேசாம வாங்கியே இருக்கலாமோ மாப்ள?" என்று கேட்டேன்.

"சேச்சே. கட்டறதுல இருக்கற சொகம் அதுல வருமா?" என்றார்.

நன்றாகக் காது குத்தினார். அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே சிரிப்பு. தங்கை கீழே வந்தால் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் காகிள்ஸ் அழுத்திய சிவப்புத் தடம் இருக்கும். தலைவலித் தைலம் தடவினேன் என்பாள். நான் வளர்த்த பெண். இருவரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினார்கள். என் வயிறு எரிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு விடுமுறை நாளில் நானே மாடிக்குப் போய், "அந்தக் குட்டிய எனக்கும் காட்டக்கூடாதா?" என்றேன். இரண்டு பேர் முகமும் வெளுத்துவிட்டது.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலண்ணே. நீ அவ்வளவு ஆசையா கட்டிட்டிருந்தே," என்றாள் தங்கை.

"எத்தன தடவ சொல்ல வந்தேன் தெரியுமா மச்சான். வாயே வரல," என்றார் மாப்பிள்ளை. அவர் கண் கலங்கியது. இத்தனை நாள் நடித்தவர் இன்றைக்கும் நடிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் சிரித்துக்கொண்டே, "விடுங்க. வீட்டுக்குள்ள சுத்தி என்ன பிரயோஜனம்? நான் வேல பாக்கற எடத்துல மேல் மாடி காலியா கெடக்கு. அடுத்த லீவுல அங்க வச்சு ஓட்டுவோம்," என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கையும் வருவதாகச் சொன்னாள். தூசி, உனக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டேன்.

அந்தக் கட்டடத்தை நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள். மேல் மாடியில் தளம் மட்டும்தான் போட்டிருக்கிறது. ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. லிஃப்டுக்காக விட்ட குழி தூண்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதன்மேல் ஒரு பலகை போட்டிருப்பார்கள். அதை முந்தின நாளே எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நடக்கிறவர்களுக்குக் கால் தடுக்கும்.

மாப்பிள்ளை மேலே வந்ததும் ஓரத்தைத்தான் பார்த்தார். எல்லோரும் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். "அந்தப் பக்கம் வேணாம் மச்சான், எனக்குத் தல சுத்தும். நடுவுலயே நிப்போம்," என்றார். நடுவிலேயே நிற்க வைத்தேன். லிஃப்ட் குழியும் நடுவில்தான் இருக்கும்.

காகிள்ஸை மாட்டினார். தோளில் கை வைத்தேன். ட்ரோன் கிளம்பி ஓரத்தைத் தாண்டி வெளியே போனது. "அப்பா, என்னா வெளிச்சம்," என்றார். சிக்னலுக்காக என்று சொல்லி லேசாக அழுத்தினேன். நகர்ந்தார். இன்னொரு முறை அழுத்தினேன். தூணைத் தாண்டி நகர்ந்தார். என் பேச்சை அவ்வளவு சுலபமாக வேறு எந்த மனிதரும் கேட்டதில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பழைய பிரியம்கூட வந்தது. கேட்டால் நம்பமாட்டீர்கள்.

பிறகு கையை எடுத்தேன். சொல்லாமல் எடுத்தேன். ஒரு காரியத்தைச் சொல்லாமல் செய்தால் மற்றவருக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கும் ஒருமுறை தெரியட்டும் என்று நினைத்தேன். என் நோக்கம் அவ்வளவுதான்.

முதலில் விசாரித்தபோது, அந்த நேரத்தில் பேட்டரி எடுக்கக் கீழே போயிருந்தேன் என்று சொன்னேன். அது சரியில்லை. கீழே இருக்கும் எங்கள் காகிள்ஸ் தான் காட்டும் படத்தைத் தானே பதிவு செய்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவர் குட்டி ட்ரோனோடு வாங்கிய காகிள்ஸிலும் அந்த வசதி இருக்கும் என்று தோன்றவில்லை. நாங்களே கட்டியதாக இருந்திருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும். பார்த்தீர்களா, வாங்குவதில் இதுதான் சிக்கல்.

பதிவில் படம் இருக்கிறது, சத்தம் இல்லை. அதனால்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கை விலகியதும் அவர், "மச்சான்? எடுத்துட்டீங்களா?" என்றார். பிறகு, "மச்சான், பக்கத்துல இருக்கீங்களா?" என்றார். குரலில் பயம் இருந்தது. காகிள்ஸைக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் கழற்றினால் ட்ரோன் விழுந்துவிடும். அதனால் ட்ரோனை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தில் எங்கள் இருவரையும் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். தளத்தின் உயரத்திலேயே வருவதால் அதில் குழி தெரியாது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நான் நிற்பது மட்டும் தெரியும்.

"இருக்கீங்களே. பேசாம நின்னு வெளையாடறீங்களா?" என்று சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். குரலில் இருந்த பயம் போய்விட்டது. ட்ரோன் அவரை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. தன்னை நோக்கித் தானே வேகமாக வருவதைப் பார்த்தால் புதிதாக ஓட்டுகிறவர்கள் பின்வாங்குவார்கள். கம்ப்யூட்டரில் பழகும்போதே அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. பின்னால் ஓர் அடி வைத்தார்.

கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்குமே என்கிறீர்கள். எட்டியிருக்கும். ஒரு வார்த்தை போதுமே என்கிறீர்கள். போதும்.

தங்கை அழவில்லை. நேற்று இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அவரு உன்னக் கூப்புட்டாராண்ணே?" என்று அது ஒன்றை மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கூப்பிட்டார் ஐயா. பதில் சொன்னால் அவரை மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடும். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.