சினை மீனுக்குக் கொடுத்த மருந்து

எழுவைதீவில் எங்கள் பக்கத்துக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. விடிய ஐந்து மணிக்குப் போனால் வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நிற்கலாம். ஆறு மணி என்றால் வெயில் ஏறும்வரை நிற்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு குடம் என்பது ஊர் வழக்கம். நான் ஒன்பது வருடமாக ஐந்து மணிக்கே போகிறவன்.

மேரிஜோசப்பின், உமது கடிதத்தைக் குருசுமுத்து நேற்று வள்ளத்தில் கொண்டுவந்து தந்தார். உம்முடைய அக்காவின் கட்டிலுக்கடியில் பக்கத்துவீட்டு யோகம்மா கண்டெடுத்துத் தந்த மருந்துக் குளிசையைத் திறந்து பார்த்தீர் என்றும், உள்ளே கோதுமை மா இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர். என்ன நடந்தது அத்தான் என்று மட்டும் கேட்டிருக்கிறீர். ஏச்சு ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். ஒழுங்காகக் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும்.

மீன்தொட்டியை நீர் பார்த்திருக்கிறீர். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் வெளிநாடு போகும்போது, எண்பத்தேழு தை மாதம், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. ஐந்து கறுப்பு மொலி மீன். ‘மாஸ்ரர், இது முட்டை போடாது, குஞ்சாகவே ஈனும்’ என்று சொல்லிவிட்டுப் போனான். பாரிசவாதம் வந்து ஒன்பதாவது வருடமாக எழும்பாத உம்முடைய அக்கா ஞானசவுந்தரிக்குக் கட்டிலில் கிடந்தபடி பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று தொட்டியை அவளுடைய இடதுபக்கம் வைத்தேன். வலதுபக்கம் அவளால் தலை திருப்ப ஏலாது என்பது உமக்குத் தெரியும்.

விலை கொடுத்து வாங்க முடியாத மீன் என்று நினைத்து, அதற்குக் கோயில் கிணற்றுத் தண்ணீர்தான் விட்டேன். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளை பிறந்தால் முதல் முழுக்கு நல்ல தண்ணீரில், விருந்தாளிக்குத் தேநீர் நல்ல தண்ணீரில். உவர்த் தண்ணீர் மாட்டுக்கும் வாழைக்கும். இரண்டு குடத்தில் ஒன்று சமையலுக்குப் போய்விடும். மற்றது தொட்டிக்கு. ஞானசவுந்தரிக்கு எங்கள் வளவுக்குள் இருக்கிற உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சீரகம் போட்டுக் கொடுத்தேன். சீரகம் போட்டால் உவர்ப்பு அவ்வளவாகத் தெரியாது.

மாசி முடிவதற்குள் நான்கு மீன் செத்துவிட்டது. மிஞ்சியது ஒரு பெட்டை. பங்குனியில் அதற்கு வயிறு வைத்தது. எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வருடத்தில் நான்கு தரம் வயிறு வைத்து ஒன்றும் தங்கவில்லை. அதை நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அந்த மீனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் படுக்கைப் புண் அழுகி, காய்ச்சல் பிடித்தது. கடலில் நேவி நின்றதால் வள்ளங்கள் நினைத்தபடி ஓடவில்லை. நீர் யாழ்ப்பாணத்தில் டாக்குத்தருக்குச் சொல்லி இருபத்தொரு குளிசை வாங்கி அனுப்பினீர். கூட்டுக்குள் மஞ்சள் நிறத் தூள் அடைத்த குளிசை. காலை, மத்தியானம், இரவு, ஏழு நாள் விடாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர். யோகம்மாவுக்கும் தனியாகச் சீட்டு எழுதி, கவனித்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. களைத்த மனிதனை யாராவது கவனிக்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை தொடங்கினேன். திங்கள் மூன்று, செவ்வாய் காலையும் மத்தியானமும் ஒவ்வொன்று. ஐந்தும் உண்மையான மருந்துதான். செவ்வாய் பின்னேரம் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவள் தானாகவே கஞ்சி கேட்டாள். யோகம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “மாதா காப்பாத்திப்போட்டா மாஸ்ரர். இனி அக்கா கனகாலத்துக்கு இருப்பா” என்றாள். நான் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம்தான் மீன் விழுந்தது. விழுந்தது என்றால் சாகவில்லை. ஒரே இடத்தில் நின்று, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல், உடம்பை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. செட்டைகள் ஒடுங்கி, வாயில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. அதை ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினேன். காற்றுக்காகச் சிரட்டையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். போத்தலைச் சீலையால் மூடி இருட்டாக்கினேன். எனக்குத் தெரிந்த பக்குவம் எல்லாம் செய்தேன்.

ஞானசவுந்தரி பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம், வயித்துப்பிள்ளைக்காறி. அதுக்கு ஒரு மருந்தும் இல்லையோ?” என்று கேட்டாள். அவளுக்கு நாக்குத் தடிப்பு. அந்த இரண்டு வசனத்தையும் சொல்லி முடிக்க நேரமெடுத்தது. இதை நீர் கவனிக்க வேண்டும். மருந்து என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

இரவுக் குளிசையைத் திறந்து தூளைப் போத்தலில் போட்டேன். வெறும் கூட்டை எறிந்திருக்கலாம். ஆனால் யோகம்மா காலையில் வந்து, இரவுக் குளிசை விழுங்கியாயிற்றா என்று அவளிடமே கேட்பாள். குசினியில் அவித்து அரித்து வைத்த கோதுமை மா இருந்தது. ஈர்க்கால் அடைத்தால் கூட்டுக்குள் நன்றாக இறங்கும். அதைத்தான் அவள் விழுங்கினாள். காய்ச்சல் இல்லாதவளுக்கு ஒரு நேரம் மருந்து இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

புதன் மூன்று, வியாழன் மூன்று. தூள் மீனுக்கு, மா அவளுக்கு. புதன் இரவே காய்ச்சல் திரும்பியது. வியாழன் மத்தியானம் யோகம்மா கலங்கிப்போய் நின்றாள்.

“மாஸ்ரர், மேல் நெருப்பாக் கொதிக்குது. குருசுமுத்தண்ணையிட்டச் சொல்லி ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவமோ?”

“மருந்து வேலை செய்யேக்கை அப்பிடித்தான் இருக்கும். ஏழு நாளும் முடியட்டும்” என்றேன். வாத்தியார் சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு இல்லை.

“நீங்களும் ஒருக்கால் படுத்தெழும்புங்கோ. கண்ணெல்லாம் சிவந்து போச்சு” என்றாள்.

கதிரையில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழும்பிப் பார்த்தால், எனக்கு வேலை குறையட்டும் என்று அவள் வீடு முழுக்கக் கூட்டி, தொட்டியைக் கழுவி, வளவுக் கிணற்றிலிருந்து நான்கு வாளி அள்ளி நிறைத்து, போத்தலில் இருந்த மீனையும் அதற்குள் விட்டிருந்தாள். உவர்த் தண்ணீர். வாழ்க்கையில் முதல்தரமாக யோகம்மாவை ஏசினேன். அவள் அழுதுகொண்டு போனாள்.

வெள்ளி விடிய மீன் நீந்திக்கொண்டிருந்தது. நடுங்கவில்லை. செட்டை விரிந்திருந்தது. நான் போட்ட சோற்றுப்பருக்கையைத் தேடி வந்து தின்றது. தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உவர்த்தது. என்னுடைய அப்பு கடலில் வலை போட்டுச் சீவித்தவர். கழிமுகத்தில் திரிகிற மீனுக்கு உவர்ப்பு வேண்டும் என்று ஐந்து வயதில் எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில், கண்ணாடித் தொட்டிக்குள் பார்த்ததும் மறந்துவிட்டேன். நல்ல தண்ணீர்தான் அதைக் கொன்றுகொண்டிருந்தது. ஏழு குளிசைத் தூளும் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. மற்ற நான்கு மீனையும் நானே கொன்றேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாத கவலை.

சனிக்கிழமை குஞ்சு ஈன்றது. பத்தொன்பது. தாய் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தபடியால் தாயைப் பிரித்து வைத்தேன். ஞானசவுந்தரியின் தலையைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குப் பார்வை நிற்கவில்லை. அடுத்த செவ்வாய் காலை செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள். சவ அடக்கத்துக்கு நீர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதுவரை எழுதி முடித்து, குருசுமுத்துவிடம் கொடுக்கலாம் என்று உறையில் போட்டேன். இரண்டு நாள் அலுமாரிக்குள் கிடந்தது. வாசிக்கிறவர்கள் மீன்மேல் இருந்த பைத்தியத்தால் ஒரு கிழவன் செய்த பிழை என்று நினைப்பார்கள். நீரும் அப்படி நினைத்து என்னை மன்னித்துவிடுவீர். உமக்கு நல்ல மனம். ஆனால் நீர் கெட்டிக்காரி, கணக்குப் பார்ப்பீர். இருபத்தொன்றில் ஐந்து அவளுக்கு, ஏழு மீனுக்கு. வெள்ளி விடிய மீன் சுகப்பட்டபோது மருந்துப் போத்தலில் ஒன்பது குளிசை மிச்சம் இருந்தது. மூன்று நாளுக்குக் காணும். அவளுக்கு அறிவு தெளிவாகத்தான் இருந்தது. தண்ணீர் கேட்டாள். மருந்து கேட்டாள்.

எடுத்துக் கொடுப்பதுதான் சுலபம். மா அடைப்பது கரைச்சல் பிடித்த வேலை, ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம் போகும். அந்த ஒன்பதையும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து, தூளை முற்றத்து மண்ணில் கொட்டி, மாவை அடைத்தேன். ஒன்று அவளுடைய கைதவறிக் கட்டிலுக்கடியில் உருண்டது. மற்ற எட்டையும் விழுங்கினாள். ஒவ்வொரு தரமும் விழுங்கி முடித்து, “உங்களுக்குத்தான் கரைச்சல்” என்றாள்.

யோகம்மா அன்று சொன்னது சரியாக இருந்திருக்கும். முதல் ஐந்துக்கே எழும்பியவள், அந்த ஒன்பதுக்கும் எழும்பியிருப்பாள். கனகாலத்துக்கு இருந்திருப்பாள். இன்னும் ஒன்பது வருடம் என்றே வைத்துக்கொள்ளும். நான் கொஞ்சம் நித்திரை கொள்ள விரும்பினேன்.