பெயருக்கு விட்ட இடம்

இரவு இரண்டு மணி. கல்லூரிச் சாலையில் ஈ காக்கை இல்லை. விளக்குக் கம்பங்கள் மட்டும் எரிகின்றன... யாருக்காகவோ.

நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அக்கா கணவருக்கு நடந்தது. கல்லூரி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பது அவர் வேலை. கணீரென்ற குரல். வீட்டில் மட்டும் எடுபடாத குரல் என்பார் அவர் மனைவி.

நோய் ஊருக்குள் வரும் முன்பே கல்லூரி தயாராகிவிட்டது. நேரம் வரும்போது யார் குரலும் நடுங்கக் கூடாது என்று மூன்று அறிவிப்புகளை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். கல்லூரி மூடப்படுகிறது. அனைவரும் நலம், பதற்றம் வேண்டாம். மூன்றாவது... இரங்கல்.

"பேரு சார்?"

"செத்தாத்தானேய்யா பேரு? நாலு விநாடி சும்மா விடு. அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் பதிவாளர்.

வாசித்த இவர், பெயர் வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு விநாடி விட்டார்.

நோய் வந்தது. விடுதி காலியானது. காய்ச்சல் கண்ட மச்சினன் மட்டும் மேல்மாடி அறையில் தனியாக. அவன்தான் என் நண்பன்.

அன்றிரவும் மனைவி போனில் அழுதார். "தம்பி எப்படி இருக்கான்? நெசத்தச் சொல்லுங்க. அறிவிப்பு வாசிக்காதீங்க."

இவர் போனை வைத்துவிட்டு வெந்நீர் பிளாஸ்க்கோடு விடுதிக்கு நடந்தார். பிளீச்சிங் பவுடர் நெடி. செருப்புச் சத்தம். திடீரென்று கம்பத்து ஒலிபெருக்கியில்... கிர்ர்ர்.

அவருடைய குரல்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது... நம் கல்லூரியைச் சேர்ந்த..."

அறிவிப்பு அறைச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

இடைவெளி வந்தது. பெயர் வரவில்லை. ஆனால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்... சொல்ல வாயெடுப்பது போல.

மாடிக்கு ஓடினார். கதவைத் தட்டினார். உள்ளே இருமல்.

"நல்லா இருக்கியாடா?"

"ஜுரம் ஏறுது மாமா. பேரைச் சொல்ல வந்து ஏன் நிறுத்திட்டீங்க?"

பிளாஸ்க்கை வாசலிலேயே வைத்துவிட்டு அறிவிப்பு அறைக்குப் பாய்ந்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். கருவி சில்லென்று இருந்தது. ஒயர் கோளாறு என்கிறீர்களா? பிளக்கே தரையில்தான் கிடந்தது.

வெளியே கம்பத்தில் மறுபடி... கிர்ர்ர்.

இடம் காலியாக இருக்கும்வரை இது ஓயாது. அது மட்டும் அவருக்குப் புரிந்தது. பிளக்கைச் செருகினார். அந்த நாலு விநாடிக்குள் ஒரு பெயரைப் பதிவு செய்தார். தன் பெயரை.

கம்பம் அடங்கியது.

விடிவதற்குள் மச்சினனுக்கு ஜுரம் இறங்கியது. பசிக்கிறது என்றானாம்.

மாமாவா? சாகவில்லை. இன்றும் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். நானே போய்ப் பார்த்தேன்.

ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். நாலு விநாடி ஆகும். அந்த நாலு விநாடியில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் ஒன்று கேட்கும்...

அது அவர் பக்கமிருந்து வருவதில்லை. கூப்பிட்டவனின் காதுக்குப் பின்னாலிருந்து வரும்.