ஹீட்டர் மேல காய வெச்ச தொப்பி

ஐயோ, அங்க பிடிக்காதீங்க சார்! உச்சியில கிள்ளிப் பிடிச்சுத் தூக்குறீங்களே, அதென்ன பூனைக்குட்டியா? வாங்கி நாலு நாள்கூட ஆகல, அதுக்குள்ள முன்பக்கம் ரெண்டு பள்ளம். விளிம்பப் பிடிங்க. ரெண்டு கையாலயும். ம்... அப்படியே வைங்க. ஐயய்ய, கவுத்து வைக்காதீங்க, மல்லாக்க! உச்சி கீழ, விளிம்பு மேல. இல்லேன்னா ஒரே மாசத்துல விளிம்பு தொங்கிப்போய் வாடின எல மாதிரி ஆயிடும்.

உங்களச் சொல்லிக் குத்தமில்ல. எல்லாருக்கும் முதல் தொப்பி இப்படித்தான். கண்ணாடி முன்னாடி நின்னு இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி அழகு பாப்பாங்க. எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. அப்புறம் நசுங்கினதத் தூக்கிக்கிட்டு ரிப்பேர் கவுன்டருக்கு வந்து என் உயிர வாங்குவாங்க. உக்காருங்க சார், அந்த ஸ்டூல்ல. கெட்டில் கொதிக்கட்டும். ஆவி காட்டி உள்ள இருந்து விரலால தள்ளினா வந்துடும். கெட்டில் வாயில ஒட்டிப் பிடிச்சிடக் கூடாது, ஒரு சாண் தள்ளி. இது ரோமத்த அமுக்கிச் செஞ்ச ஃபெல்ட்டு சார், சூட்டுக்கு உடனே மயங்கிடும்.

என்ன, நனைஞ்ச தடம் தெரியுது? மழையில போனீங்களா? ...சரி, போனது போச்சு. எப்படிக் காய வெச்சீங்க? நிழல்லயா? நல்லவேள! நெத்தியில படுற உள்பட்டைய வெளிய இழுத்து விட்டு, உள்ள வெள்ளக் காகிதம் திணிச்சு, ஒரு ராத்திரி பூரா சும்மா விடணும். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டிக்கும். வெயில் வேண்டாம், கார் டேஷ்போர்டு வேண்டாம், ரூம் ஹீட்டர்... ஹீட்டர் பக்கமே போகக் கூடாது.

அந்த ஹீட்டர் ஒரு குடும்பத்தையே ரெண்டாக்குச்சு, தெரியுமா? எங்க குடும்பத்தத்தான்.

எங்க மாமனார் ஒரு சாம்பக்கலர் தொப்பி வெச்சிருந்தார். அவர் போனப்புறம் அவர் நினைவா எங்க வீட்டுக்காரர்கிட்ட மிஞ்சினது அது ஒண்ணுதான். அலமாரி மேல பெட்டியில இருக்கும். எதாவது பெரிய விசேஷம்னா எடுத்து, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல ஒரே பக்கமா துடைச்சு, போட்டுக்கிட்டு, திரும்பி வந்ததும் பெட்டி. ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாள் பழைய ஆபீஸ்காரங்க விருந்துக்குக் கிளம்புறார். பெட்டியத் திறந்தார். போட்டார். நிக்கல சார்! ஊறுகா ஜாடிக்கு மூடி வெச்ச மாதிரி தலை உச்சியில உக்காந்திருக்கு. ஈரத் தொப்பிய யாரோ ஹீட்டர் மேல காய வெச்சுட்டாங்க. ரெண்டு சைஸ் சுருங்கிப்போச்சு.

"யார் தொட்டது?"ன்னார். நான் வாயத் திறக்கல. சத்தியமா ஒரு பேர் சொல்லல. நாத்தனார் அப்ப எங்க வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கியிருந்தா. "உங்க தங்கச்சிதான் அலமாரியெல்லாம் ஒழுங்கு பண்ணினா"ன்னேன். அது உண்மைதானே? பண்ணினாளே!

அவ அண்ணன் முகத்தப் பாத்தா, என் முகத்தப் பாத்தா, உள்ள போய்ப் பெட்டியக் கட்டினா. அன்னிலேருந்து அண்ணன் தங்கச்சி பேச்சு நின்னுபோச்சு. ஆறு வருஷம்!

பிரஷ் பண்றத நல்லாப் பாத்துக்கோங்க. ரோமம் போற பக்கமா, மெதுவா... கறுப்புத் தொப்பிக்கு ஒரு பிரஷ், வெள்ளைக்கு ஒரு பிரஷ். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னு கேக்குறீங்களா? அந்தச் சுருங்கின தொப்பிய சரி பண்ண முடியுமான்னு கேக்கத்தான் முதல்முதல்ல இந்தக் கடைக்கு வந்தேன். முதலாளி, "இது தேறாது, ஆனா கவுன்டருக்கு ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?"ன்னார். வந்துட்டேன்.

இப்ப எங்க பொண்ணுக்குக் கல்யாணம். அத்த வரலேன்னா கல்யாணமே வேண்டாம்னு நிக்கிறா. சரி, பெரிய மனசு பண்ணுவோம், நாமளே போய் நாத்தனார மன்னிச்சிட்டு வருவோம்னு போன புதன்கிழமை கிளம்பினேன். மூணாவது மாடி, லிஃப்ட் கெட்டுப்போச்சு. மூச்சு வாங்க மன்னிக்கப் போன ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

காப்பி குடுத்தா. ஒரு வாய் குடிச்சிட்டு, "போனதெல்லாம் போகட்டும்மா, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல"ன்னு ஆரம்பிச்சேன். அவ சிரிச்சா. "அண்ணி, விருந்துக்கு முந்தின நாள் நான் பஸ்ல வந்துட்டிருந்தேன். ஜன்னல் வழியா உங்களப் பாத்தேன். அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு மழையில நடந்து போனீங்க"ன்னா.

...

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நான்தான்! வீட்டுல யாரும் இல்ல, பெட்டியத் திறந்தேன், போட்டேன், கண்ணாடியில பாத்தேன். எனக்கே என்னை அடையாளம் தெரியல. கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்னு நினைச்சேன். அந்தப் பாழாப்போன மழை அன்னிக்குன்னு பாத்துப் பெய்யணுமா? அவர் ஆறு மணிக்கு வந்துடுவார். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஹீட்டர் மேல வெச்சேன்.

"ஏன்டி அப்பவே சொல்லல?"ன்னு அவ மேல பாஞ்சேன். "நான் ரெண்டு நாள்ல ஊருக்குப் போற ஆளு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணுமே அண்ணி"ன்னா. அதோட விட்டாளா? வாசல் வரைக்கும் வந்து, "ஆனா உங்களுக்கு அது ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னா. இப்படி ஒருத்தியோட எப்படி சார் சண்டை போடுறது?

மூணு நாள் தூக்கமில்ல. இன்னிக்குக் காலையில அவர் ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தார். பின்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வீடு இடிஞ்சு விழப்போகுதுன்னு சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் தொப்பியப் பத்தி ஒண்ணும் கேக்கல. கண்ணாடியப் பாத்துக்கிட்டே, "அவ நம்பர் இருக்கா?"ன்னார். குடுத்தேன்.

பாதி முகத்துல நுரையோட முக்கால் மணி நேரம் பேசினார் சார்!  முதல்ல மூக்க உறிஞ்சுறார். அப்புறம் சிரிப்பு. "தொப்பியோடயா? கடைத்தெருவுலயா?"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறார். நுரையெல்லாம் தரையில கொட்டுது. நான் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கிறேன், இப்பக் கூப்பிட்டுக் கத்துவார், இப்பக் கூப்பிட்டுக் கத்துவார்னு. கூப்பிடல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

ஆறு வருஷம் சார். ரெண்டு பேரப் பிரிச்சு வெச்சிருக்கேன். என்னைத் திட்டணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? அதான் சார் எனக்குத் தாங்கல.