மாடு கட்டிய நேரம்

"இந்தக் காருக்குப் பெயின்ற் அடிச்சது நான்தான் எண்டு சிற்றம்பலம் ஐயாவிட்டை நீங்களே சொல்லோணும், அப்பா."

காலையில் அப்பாவின் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே இதைக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. இதை மட்டும் அப்பாவிடம் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருந்தா. அம்மா பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கோப்பையைத் தள்ளிவிடவில்லை, கத்தவும் இல்லை.

"கம்பஸ் படிச்ச பெட்டை. கையிலை பெயின்ற் தின்னர் மணந்தால் ஆர் வந்து பொம்பிளை கேப்பான்?" என்றார். பிறகு இன்னொரு இடியப்பம் கேட்டார். வைத்தேன்.

அவர் அப்படி மறுத்ததால்தான் அன்று நடந்தது நடந்தது. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

எங்கள் வம்சத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். பாடம் மெய்யியல். அந்தப் பட்டத்துக்குப் புதுக்குடியிருப்பில் என்ன வேலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். சும்மா இருக்க மனமில்லாமல் அப்பாவின் கார் திருத்துகிற கராச்சில் தகரம் தேய்க்கத் தொடங்கினேன். போகப்போக, நெளிவு எடுப்பது அப்பா, பெயின்ற் முழுக்க நான் என்று ஆகிவிட்டது. ஆனால் கார்க்காரர் யாராவது படலைக்குள் வந்தால் நான் குசினிக்குள் போய்விட வேண்டும். தம்பி வின்சன் ஸ்பிறே கன்னைப் பிடித்தபடி நிற்பான். அப்படி நிற்பதற்கென்றே அவனுக்கு நீல ஓவரோல் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு துளி பெயின்ற் இல்லாதது கண்ணை உறுத்தும் என்று நானே கொஞ்சம் தெளித்துவிட்டேன். அவ்வளவுக்கு ஒத்துழைத்த பிள்ளை நான்.

சிற்றம்பலம் ஐயா முள்ளியவளையில் வயல் செய்பவர். அவருடைய கலியாணத்தில் ஓடிய மொறிஸ் மைனர்தான் மகள் சாரங்காவின் கலியாணத்துக்கும் ஓடவேண்டுமாம். இளம் பச்சை அடித்தேன். பொனற்றில் குனிந்தால் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு மினுக்கம்.

அந்தக் காரின் மூக்கில் பூட்டுகிற சின்னத்தில் ஒரு மாடு தண்ணீரைக் கடந்து போகும். காரை வாங்கியதே அந்த மாட்டுக்காகத்தான் என்பார் ஐயா. மற்ற எழுத்துகள், தகடுகள் எல்லாவற்றையும் நாங்கள் பூட்டலாம். மாட்டை மட்டும் நல்ல நேரம் பார்த்து, தன் கண் முன்னால், பெயின்ற் அடித்த ஆளின் கையாலேயே பூட்டவேண்டும். அதற்கு 'மாடு கட்டுறது' என்று பெயரும் வைத்துவிட்டார். வவுனியாவில் கலியாணங்களுக்குப் பழைய கார் விடுகிற அவருடைய மச்சாள் ஜெகதீஸ்வரி, அடித்த ஆள் கெட்டிக்காரன் என்றால் தன் கார்கள் எல்லாவற்றையும் அவனிடமே தருவதாகச் சொல்லி, வேலைக்கு ஆள் கேட்டிருந்தா. வின்சனை அனுப்புவது என்று அப்பா முடிவெடுத்தார்.

மாட்டுச் சின்னத்தின் பின்பக்கத்தில் இரண்டு ஊசிக்கால்கள் உண்டு. அவை போய் இருக்க பொனற்றில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பெயின்ற் அடிக்குமுன் அந்த ஓட்டைகளில் நெருப்புக்குச்சி செருகுவோம், அடித்து முடிந்ததும் உருவிவிடுவோம். இந்தக் காரில் நான் குச்சி செருகவில்லை. புட்டிப் பசை வைத்து மூடி, மட்டமாகத் தேய்த்து, மேலே பெயின்ற் அடித்துவிட்டேன். உள்பக்கம் தெரியாமல் கிறீஸ் தடவினேன். இனி அந்த இடம் அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். நியாயமான பரீட்சை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐயா பட்டு வேட்டியோடு வந்தார். ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். எங்கள் அம்மா தூர நின்று சிலுவை போட்டுக்கொண்டா. நான் குசினி யன்னலடியில் வெங்காயம் வெட்டினேன்.

"கட்டு தம்பி, நேரம் போகுது."

வின்சன் காரின் மூக்கைத் தடவினான். பிறகு அதன் நெற்றியைத் தடவினான்.

"என்னடாப்பா, காருக்குக் காய்ச்சலோ?"

"இல்லை ஐயா... ஓட்டை... இஞ்சைதான் எங்கையோ..."

"லோறன்ஸ், உன்ரை மோன் மாட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கட்டையைத் தேடுறான்!"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரிந்தது. துணி எடுக்கிற சாட்டில் வின்சன் குசினிக்குள் ஓடிவந்தான்.

"அக்கா, ஓட்டையைக் காணேல்லையடி. எங்கை?"

"நடுவிலை. மூக்கு வளையிற மடிப்பிலையிருந்து நாலு விரல் மேலை. ட்றில்லாலை மெல்லத் திற."

"நீ இல்லாட்டி நான் செத்தன், அக்கா."

உண்மையான இடம் மடிப்பிலிருந்து நாலு விரல் கீழே.

ட்றில் சத்தம் கேட்டது. என் பெயின்ற் சுருள் சுருளாக எழும்புவது யன்னலால் தெரிந்தது. நிற்பாட்டு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெங்காயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வின்சன் ஒரு ஊசிக்காலை ஓட்டைக்குள் விட்டுவிட்டுக் கையை எடுத்தான். சின்னம் அப்படியே சுழன்று தொங்கியது. மாட்டின் நாலு காலும் வானத்தைப் பார்த்தன.

"ஐயோ லோறன்ஸ், மாடு செத்துப்போச்சு!" என்றார் ஐயா.

நான் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பொனற்றைத் தூக்கி, கிறீஸைத் துடைத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் கீழேயிருந்து குத்தினேன். இரண்டு ஓட்டைகளும் வந்தன. மாட்டை வைத்து அமுக்கினேன். நல்ல நேரம் முடியுமுன் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலே, பச்சை நெற்றியில், தம்பி போட்ட ஓட்டை.

"பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஐயா கேட்டார்.

அப்பாதான் முந்திக்கொண்டார். "அவள் வீட்டிலை சும்மா நிக்கிறவள் ஐயா. பாத்திருப்பாள்."

வின்சன் ஓவரோலின் பொத்தான்களைக் கழற்றினான். "அக்காதான் அடிச்சவா, ஐயா. இந்தக் கார் மட்டுமில்லை, எல்லாமே. எனக்கு உந்த ஸ்பிறே கன்னிலை எந்தப் பக்கத்தாலை காத்து வரும் எண்டும் தெரியாது."

"அப்ப ஏன் மோனை நீ குசினிக்கை நிண்டனி?" என்றார் ஐயா என்னிடம். "ஆர் அடிச்சால் எனக்கென்ன? மாடு நிமிந்து நிண்டால் சரி."

அப்பா தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு திருத்தம் சொல்லவேண்டும். அப்பா மறுத்ததால்தான் செய்தேன் என்றேன். அவரிடம் கேட்டது அன்று காலையில். பெயின்ற் காய்ந்ததோ அதற்கு முந்திய கிழமை. ஓட்டையை மூடிவிட்டுத்தான் பெயின்ற் அடிக்கலாம். அடித்த பிறகு மூட முடியாது. ஜெகதீஸ்வரி அக்காவுக்கு அதற்கும் முன்னமே போன் எடுத்திருந்தேன். "பொம்பிளைப் பிள்ளை எண்டால் இன்னும் நல்லது, வெளிக்கிட்டு வா" என்றிருந்தா. வேலை அப்போதே என்னுடையது. என் உடுப்புப் பையும் கட்டிலுக்குக் கீழே கட்டி இருந்தது.

அந்தப் பையை வின்சன்தான் படலை வரை தூக்கி வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீ நாலு விரல் கீழை எண்டுதான் சொல்லியிருப்பாய். நான்தான் பதற்றத்திலை பிழையாக் கேட்டிட்டன், என்ன அக்கா?"

"ஓம்" என்றேன்.

பையை வாங்கிக்கொண்டு படலையைத் தாண்டினேன். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கொஞ்சம் மந்தம்தான் என்று எனக்குப் பட்டது. பாவம், யாரும் கவனிக்கவில்லை. வவுனியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.