மாலைக்கு நேத்தே சொல்லியாச்சு

அந்த நாற்காலில உக்காராதம்மா, அது தலைவரோடது. போன மாசம் யாரோ தெரியாம உக்காந்துட்டாங்க, மனுசன் கூட்டம் முடியற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு. இப்படி வா, என் பக்கத்துல உக்காரு. பாப்பா தூங்கட்டும், எழுப்பாத.

நான் பஞ்சவர்ணம். இந்தத் தமிழ் மன்றத்துல குடும்ப நலக் குழு, போர்டு மெம்பர். உன் பேரு பானுப்பிரியாதான? பதறாத, உன் வீட்டுக்காரரு இப்ப மேல வரமாட்டாரு. தலைவர் கீழ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. பஞ்சாயத்துக்கு முன்னாடி ஆம்பளைக்கு ஒரு டீ, அது இங்க வழக்கம். பொம்பளைக்கா? பொம்பளைக்கு நான்தான்.

சம்பளமா? அட நீ வேற! ஒரு திர்ஹம் கிடையாது. எல்லாம் சேவை. ஏன் சிரிக்கிற? சரி, சிரி. மூணு நாளா சிரிச்சிருக்க மாட்ட.

உண்மையச் சொல்றேன் கேளு. செயலாளர் வீரபாண்டி இருக்காரே, அவரு பையனுக்கு அஞ்சாறு வருசமா பொண்ணு தேடுறாரு. துபாய்ல எந்தத் தமிழ்க் குடும்பத்துல வயசுப் பொண்ணு இருக்கு, என்ன படிக்குதுன்னு மன்றத்துல இருந்தா தன்னால தெரிஞ்சுரும்ல. இங்க வந்து அழுவுறவங்ககிட்டகூட, உங்களுக்குத் தங்கச்சி இருக்காம்மான்னு கேட்டுட்டுத்தான் தண்ணி குடுப்பாரு. உன்கிட்டயும் கேட்டாரா? பாத்தியா!

சதக்கத்துல்லா பாய்னு ஒருத்தரு, தேரா பஜார்ல அத்தர் கடை வச்சிருக்காரு, தங்கமான மனுசன். ஏன் பாய் விடாம வர்றீங்கன்னு ஒருநா கேட்டேன். வீட்ல எல்லாரும் என்னையத் திட்டுறாங்க, இங்க அடுத்தவனைத் திட்டுறதக் கேக்குறதுக்கு எம்புட்டு நிம்மதியா இருக்கு தெரியுமாங்குறாரு. பஞ்சாயத்து பாதிலயே தூங்கிருவாரு. ஆனா சமோசா அவரு செலவு.

தலைவரா? அவருக்கு மேடை. பொன்னாடைன்னா உசுரு. இந்த அலமாரில பாரு, ஒரே பச்சைச் சால்வை. இவரு அவருக்குப் போத்துவாரு, அடுத்த விழால அவரு இவருக்குப் போத்துவாரு. துவைக்கக்கூட மாட்டாங்கம்மா, மடிச்சு மடிச்சே நைஞ்சு போச்சு. விசிட்டிங் கார்டுல பேருக்கு முன்னாடி குடும்ப ஒளின்னு போட்டிருக்காரு. யாரு குடுத்த பட்டமா? வீரபாண்டி குடுத்தாரு. வீரபாண்டிக்குச் சமூகச் சுடர், அது இவரு குடுத்தது.

துப்பட்டாவ இழுத்து இழுத்து விடாதம்மா. நான் வந்ததுமே பாத்துட்டேன். ஆகஸ்ட் மாச வெயில்ல எவ முழுக்கை போடுவா?

இப்ப என்ன நடக்கும்னு சொல்லிர்றேன். முதல்ல உன் வீட்டுக்காரரப் பேசச் சொல்வாங்க. சைட்ல டென்சன், விசா குடுத்த கஃபீல் தொந்தரவு, ஊர்ல கடன்னு சொல்லி அழுவாரு. நல்லாவே அழுவாரு, கீழ டீ குடிக்கும்போதே தலைவர் சொல்லிக் குடுத்திருப்பாரு. டிஷ்யூ குடுப்பாங்க. அப்புறம் உன் பக்கம் திரும்பி, நீயும் கொஞ்சம் விட்டுக்குடும்மாம்பாங்க. போலீஸுக்கெல்லாம் போனா நம்ம மானம் என்ன ஆவுறதும்பாரு தலைவரு. நம்மன்னா அவரும் அவரு விசிட்டிங் கார்டும். நீ வாயத் திறக்கறதுக்குள்ள மாலை வந்துரும்.

மாலைதான். பின்ன? ரெண்டு பேரும் மாத்திக்கணும், போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போடணும், இன்னொரு இல்லம் இணைந்ததுன்னு. ஊர்ல இருந்து காலை ஃபிளைட்ல பூ வரணும்ல, அதனால பூக்கடைக்கு மொத நாளே சொல்லிருவாங்க. உனக்கும் நேத்தே சொல்லியாச்சு. என்ன பேச்சு நடக்கும்னு தெரியாம எப்படிச் சொல்லலாம்னு கேக்குறியா? இதுவரைக்கும் ஒரு மாலைகூட வேண்டாம்னு திரும்பிப் போனதில்லம்மா.

அழாத. பாப்பா முழிச்சுக்குவா.

அந்தச் சுவத்தப் பாரு. அத்தனையும் மாலையும் கழுத்துமா நிக்கிற ஜோடிங்க. முதல் போட்டோ தெரியுதா? நல்லாப் பாரு. அந்தப் பொண்ணும் உன்ன மாதிரியே முழுக்கை ஜாக்கெட்டு. முகத்தப் பாக்காத, அப்ப ஒல்லியா இருந்தேன். ஆமா, நான்தான்.

பக்கத்துல மீசையோட நிக்கிறாரே, அவரத் தெரியலயா? இப்ப மீசைய எடுத்துட்டாரு. கீழ உன் வீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்காரே, அதே ஆளுதான். அப்ப மன்றத்துக்கு வேற தலைவரு. அன்னிக்கு மாலையும் கைதட்டலும் இவருக்குப் பிடிச்சுப்போச்சு. உடனே மெம்பரானாரு, அப்புறம் பொருளாளரு, இப்ப குடும்ப ஒளி.

அப்புறமும் அடிச்சாரான்னா? அப்புறமும்தான். போட்டோ எடுத்த மறுவாரமே. ஒருநாள் மேடைல என்னையும் பக்கத்துல உக்கார வச்சாங்க, தலைவர் குடும்பமாச்சேன்னு. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் மனுசன் என்ன அடிக்கல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாராவாரம் மேடை ஏறுற முகத்துல கை வைக்க முடியாதுல்ல? நானே கேட்டு போர்டுல சேந்தேன். குத்துவிளக்கு, பரிசளிப்பு, மருத்துவ முகாம், எதையும் விடமாட்டேன். என் சேவைய எல்லாரும் மெச்சுவாங்க. எனக்கு அது சேவை இல்லம்மா, அடி வாங்காம இருக்க ஒரு இடம்.

சரி, எந்திரி. பாப்பாவத் தோள்ல போட்டுக்க. லிஃப்ட் வேணாம், அவங்க அதுலதான் வருவாங்க. இந்தப் படில இறங்கினா பின்சந்து. வெள்ளைக் கார்ல ஜலஜான்னு ஒருத்தி இருப்பா, ஆஸ்பத்திரில நர்ஸு. என் காலத்துல எனக்கு ஜலஜா இல்ல. கைய அவகிட்டக் காட்டு, அடிபட்ட காயம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தருவா. போலீஸுக்கா, ஊருக்கா, அத நீதான் முடிவு பண்ணணும். வேற யாரும் சொல்ல வேணாம்.

பாஸ்போர்ட் அவருகிட்டயா? இருக்கட்டும், அதுக்கும் அவளுக்கு வழி தெரியும்.

என்னயா? என்னய ஒண்ணும் பண்ண முடியாது. நாளன்னைக்கு ஆண்டு விழா, நான்தான் வரவேற்புரை.

லிஃப்ட் சத்தம் கேக்குது, கிளம்பு. என்னது, மாலையா? இந்த நேரத்துல அதுக்கா கவலைப்படுற! எனக்கே போட்டு போட்டோ எடுத்துக்குவாரு என் வீட்டுக்காரரு, நீ போ.