மழைக்குக் கழித்த இரண்டு

பதினொரு ஒன்று, இன்ஸ்பெக்டர் மாத்தயா. நீங்கள் பத்துத்தான் போட்டிருக்கிறீர்கள். 11,111,111,111. மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எண்ணில் மட்டும் பிழை விடாதீர்கள்.

நான் கிருஷ்ணராஜ். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மடுவக் கொட்டகையில் நின்று கொழுந்து நிறுப்பது என் வேலை. இந்த எண் ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத முதன்மை எண் என்று காட்டப் பதினாலு வருஷம் உழைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு வகுத்தல், கையால், கொப்பியில் எழுதி. போனில் தட்டினால் வந்துவிடுமே என்பார்கள். வரும். சிவனொளிபாத மலையில் ஹெலிகொப்டரில் போய் இறங்கினவனுக்கு என்ன புண்ணியம்?

மூன்றால் வகுபடவில்லை, ஏழால் வகுபடவில்லை. ஒரு லட்சத்து ஐயாயிரம் தாண்டும்வரை எதாலும் வகுபடவில்லை. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. போன மாதம் முடித்தேன். என் மனைவி மல்லிகா கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப இனியாவது கூரையப் பாப்பீங்களா?” எரிச்சல் வராதா? தோட்டத்தில் ஒருத்தருக்கும் அது என்னவென்றே விளங்கவில்லை.

விளங்கியது கோகிலாவுக்கு மட்டும்தான். உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுக் கொழுந்து பறிக்க வந்தவள். ஆசையாகக் கேட்டாள், கொப்பிகளை நானேதான் கொடுத்தேன். அந்த எண்ணுக்காக வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொன்னாடை போடுவதாக இருந்தார்கள்.

புதன்கிழமை நிறுவை முடிந்து நானும் கோகிலாவும் லயத்து வீடுகளுக்கு நடந்தோம். நல்ல மழை. என் குடைக்குள் வந்து ஒரு கொப்பியை விரித்தாள். 21,649ஆல் வகுத்த பக்கம், பத்து வருஷத்துக்கு முந்தியது. கழித்தலில் 19,484 வரவேண்டிய இடத்தில் என் கை 19,482 என்று எழுதியிருந்தது. சரியாகக் கழித்தால் கடைசியில் மீதியே இல்லை, என் எண் வகுபட்டுவிடுகிறது.

“ஐயா, மழைத்தண்ணிக்குன்னு எங்க கொழுந்துல ரெண்டு கிலோ கழிப்பீங்களே, அந்தக் கை இங்கயும் ரெண்டு கழிச்சிருச்சுங்க,” என்று சிரித்தாள். “வெள்ளிக்கெழமைக்கு முந்தி பள்ளிக்கூடத்து மாஸ்டர்கிட்ட சொல்லிரலாங்க. இல்லாட்டி ஒங்களுக்குத்தானே வெக்கம்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டேன்.

குறுக்குப் பாதையில் கைவிட்ட மாணிக்கக் குழி ஒன்று இருக்கிறது, மேலே பலகை போட்டிருக்கும். வழுக்கி விழுந்தாள் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது முழுப் பொய்யல்ல, மாத்தயா. பலகை உளுத்துப்போனது எனக்குத் தெரியும், முதல் நாள் என் காலே இறங்கியது. “நீ முன்னால போம்மா,” என்றேன். போனாள்.

குழி நிறையத் தண்ணீர். “ஐயா, கொடைய நீட்டுங்கய்யா,” என்றாள். நீட்டியிருந்தால் எட்டும். ஆனால் பெருக்கிப் பார்க்காமல் அவள் சொன்னதை எப்படி ஒத்துக்கொள்வது? பதினாலு வருஷம், மாத்தயா. குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பெருக்கினேன். 21,649 தர 513,239. அவசரப்பட்டால்தானே பிழை வரும்? ஒவ்வொரு ஒன்றாக வந்தது. கடைசி ஒன்றைப் போடும்போது அவள் கூப்பிடுவது நின்றிருந்தது. சரியாகத்தான் சொன்னாள், பாவம். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தண்ணீரில் போட்டேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். கடிகாரம் பார்த்தேன், பதினொரு நிமிஷம். மழை பெய்ததே, மாத்தயா. இரண்டு கழித்து ஒன்பது என்று போட்டுக்கொள்ளுங்கள்.