ஆணைக்கோட்டுக்குள்ள ஆவுடையப்பன்

முன்னொரு காலத்துல, எங்க பாட்டனுக்குப் பாட்டன் கோமணம் கட்டுன காலத்துல, ஊசிப்பாறைன்னு ஒரு ஊரு. அதுக்கு ஒரு ராஜா. பெரிய ராஜா இல்ல. மொத்தச் சீமையையும் ஒரு பகல்ல நடந்து முடிச்சிரலாமாம். வெள்ளைக்காரன் எட்டிப் பாக்க மாட்டான். பக்கத்துச் சீமைக்காரனும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டான். கேக்க நாதியில்லேன்னா வச்சதுதானே சட்டம்? ம் கொட்டுங்கப்பா, தூங்காதீக.

அந்த ஊர்ல ஆவுடையப்பன்னு ஒருத்தர். எங்கயோ போயி அச்சுவேலை பழகி, ஒரு கையச்சு மிஷினை மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டு வந்தாராம். சந்தைக்குச் சந்தை ஒத்தைத் தாள்ல சேதி போடுவாரு. யார் மாடு காணாமப் போச்சு, எந்தத் தெருவுல காச்சல், எல்லாம் வரும். எழுத்துத் தெரிஞ்சவன் வாசிப்பான், தெரியாதவன் சுத்தி நின்னு கேப்பான்.

ஒரு வருசம் ராஜா கம்மாய்க்கரையை உசத்தச் சொன்னாரு. யாரு உசத்த? எங்க தெக்குத்தெருதான். ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்ச தெரு. கூலியா? வெட்டிவேலைக்கு ஏது கூலி! வீட்டுக்கு ஒரு ஆம்பள போயே ஆகணும். ஐப்பசி மழையில கரை சரிஞ்சுச்சு. ஏழு பேரு மண்ணுக்குள்ள போனாக. தோண்டிக்கூடப் பாக்கல. அரமனைக் காரியஸ்தன் கரைமேல நின்னு என்ன சொன்னான் தெரியுமா?

"ஒருத்தனும் சாகல. ஏழு பேரும் வேலைக்குப் பயந்து ஓடிப்போயிட்டானுக. அந்த ஏழு வீட்லயும் இன்னொரு ஆளை அனுப்புங்க."

கேட்டா வயிறு எரியுதா இல்லையா? எனக்கு இன்னைக்கும் எரியுது.

பூவாயின்னு ஒருத்தி. எங்க வம்சம் அவ வயித்துல வந்தது. புருசன் மண்ணுக்குள்ள. வீட்ல மிச்சமிருந்த ஆம்பள, கண்ணு மங்குன மாமனாரு. அந்த மனுசனைத்தான் கேட்டாக.

ஆவுடையப்பன் அடுத்த சந்தைக்கு ஏழு பேரோட பேரையும் எழுத்துக் கோத்தாரு. தாள் வெளிய வர்றதுக்குள்ள காரியஸ்தன் வந்து, வீட்டைச் சுத்திச் சுண்ணாம்புக்கோடு இழுத்துட்டான்.

"ராஜா மேல ஆணை! நீ வெளிய வரப்படாது, ஒருத்தரும் உள்ள போகப்படாது. தாண்டுன காலு இருக்காது. யாரும் சாகலேன்னு அச்சடிச்சுக் குடு, கோட்டை அழிக்கேன்."

ஊர்த்தெரு பூரா தமுக்கடிச்சுச் சொன்னாக. கூடப்பிறந்த தம்பியே கோட்டுக்கு வெளிய நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போனானாம்.

ஒரு நா ஆச்சு. குடத்துல தண்ணி இருந்துச்சு. ரெண்டு நா ஆச்சு. குடம் காலி. மூணு நா ஆச்சு. தாளை அடிச்சுக் குவிச்சிருக்காரு, கூப்பிடு தூரத்துல சந்தை, வாங்க ஒரு கை நீளல. "பொறியில மாட்டுன எலிக்காவது தேங்காச்சில்லு கிடைக்கும்"னாராம். நமக்குச் சிரிப்பு வருது. அவரு நாக்கு ஒட்டிப்போயிச் சொன்னது.

சந்தையன்னைக்கு உச்சிப்பொழுது. பூவாயி வந்தா, இடுப்புல தண்ணிக்குடம். நேரா கோட்டைத் தாண்டுனா.

கோட்டுக்குக் காவல் நின்ன சேவகன் கத்துனான்: "ஏ! நில்லு! ராஜா ஆணை தெரியாது?"

"தெரியாதே சாமி. எங்க தெருவுல தமுக்குச் சத்தமே கேக்கலியே."

சந்தையே திரும்பிப் பாத்துச்சு. ஏன்னா அந்தச் சீமையில ஒரு வழமை. தமுக்கு வந்து சொல்லாத தெருவை ஆணை கட்டாது. தமுக்குக்கு முன்னால காரியஸ்தன் கோலோட நடக்கணும். தெக்குத்தெரு மண்ணை மிதிச்சாத் தீட்டுன்னு எந்தக் காரியஸ்தனும் வந்ததே இல்ல.

"இப்பவே உங்க தெருவுல வந்து தமுக்கடிக்கேன் பாரு"ன்னான், சத்தங்கேட்டு வந்த காரியஸ்தன்.

"வாங்க சாமி. தமுக்கு வந்துட்டா எங்களுதும் ஊர்த்தெரு. ஊர்த்தெருக்காரனுக்கு வெட்டிவேலை கிடையாதே. அப்புறம் எந்த வீட்ல ஆள் கேப்பீக?"

காரியஸ்தன் சேவகனைப் பாத்தான். இழுத்துத் தள்ளுன்னு சொல்லலாம். தள்ளணும்னா தொடணும், தொட்டாத் தீட்டு. சேவகன் கல்லெடுத்தான். மொத்தச் சந்தையும் பாத்துக்கிட்டு நிக்குது. கல்லைக் கீழ போட்டான்.

ஆவுடையப்பன் தண்ணி குடிச்சாரு. தாள்கட்டை அவ தலையில ஏத்துனாரு.

"வாசிக்கத் தெரியுமா தாயி?"

"தெரியாதுய்யா. பேரு தெரியும். ஏழும் எங்க ஆளுக."

சந்தை நடுவுல தாளை விரிச்சுப் பிடிச்சா. சடையன்னு கூப்பிட்டா, மாடன்னு கூப்பிட்டா, ஒவ்வொரு பேரா கூப்பிட்டா. ஏழாவது பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாளாம். அது அவ புருசன்.

சீமையே கேட்ட பெறகு எந்த மூஞ்சியோட ஆள் கேப்பான்? கேக்கல. மாமனாரு வீட்லயே இருந்தாரு.

ஆனா ராஜா கோட்டை அழிக்கல. வீம்பு. மழை கரைச்சா காரியஸ்தன் மறுபடி இழுப்பான். பதினோரு வருசம்! தெக்குத்தெருவுலருந்து சோறு உள்ள போகும், தாள் வெளிய வரும். "வந்துருங்கய்யா, ராவோட ராவா சீமையைத் தாண்டி விட்டுருதோம்"னு கெஞ்சியிருக்காக. "நான் போனா, இவனும் ஓடிப்போயிட்டான்ம்பானுக தாயி. அப்புறம் அந்த ஏழு பேரும் பொய்யாப் போயிருவாக"ன்னாராம். உள்ளயே கெடந்து உள்ளயே செத்தாரு.

தம்பி அன்னைக்கும் கோட்டுக்கு வெளியதான் நின்னான். அந்த ஏழு வீட்டு ஆளுகதான் உள்ள போயித் தூக்குனாக. பாடை கோட்டுக்கு வந்ததும் பூவாயி நிறுத்தச் சொன்னா. ஊரைப் பாத்துச் சத்தமாச் சொன்னா: "ஆவுடையப்பன் செத்துட்டாரு. ஓடிப்போகல."

அந்த வீடு இடிஞ்சு குட்டிச்சுவராக் கெடக்கு. கோட்டுவீடுன்னு கேட்டா பச்சப்பிள்ளையும் காட்டும். இன்னைக்கும் ஊசிப்பாறையில எந்தத் தெருவுல சாவு விழுந்தாலும், தெருமுக்குல பாடையை நிறுத்தி, செத்தவர் பேரைச் சொல்லி, "ஓடிப்போகல"ன்னு சொன்ன பெறகுதான் தூக்குவாக.